மாடி வீட்டு நாய்க்குட்டிக்கு ஒரு கன்று மணி

கேள்வி: ‘‘கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து 3 மாத சிப்பிப்பாறைக் குட்டியைத் தண்டையார்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொடுத்தோம். இரண்டாவது மாடி. வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. அடித்தும் திருந்தவில்லை. ஊருக்கே திரும்பக் கொண்டுவந்துவிடலாமா?’’
- வாசகி, கோவில்பட்டி.

பதில்: குட்டியின் மேல் குற்றமில்லை. தோட்டத்தில் கதவு கிடையாது. தோன்றியபோது வரப்போரம் போய் வந்தது. மாடி வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது. தரையை மோந்தபடி சுற்றுவதும், கதவருகே நிற்பதும் அது கேட்கும் விதம்தான். அடுப்படியில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. காதில் விழும்படி கேட்க ஒரு வழி கொடுத்தால் போதும்.

கன்றுக்குட்டிக்குக் கட்டும் சின்ன மணியைக் கயிற்றில் கோத்து, குட்டியின் மூக்கு உயரத்தில் கதவில் தொங்கவிடுங்கள். முதல் 2, 3 நாள் மூக்கால் மணியைத் தொடும்போதெல்லாம் வேகவைத்த முட்டையில் சிறு துண்டு கொடுக்கலாம். பிறகு, ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் மணியைத் தொடவைத்து, ‘வெளியே’ என்று சொல்லி, உடனே கதவைத் திறக்க வேண்டும். படியிலேயே கழித்துவிடாமல் இருக்கக் கீழே தூக்கிச் செல்லுங்கள். தினமும் ஒரே இடம். வேலை முடிந்த கணமே தட்டிக்கொடுத்து, தின்பண்டம் கொடுங்கள். பால் கறக்கும் பாத்திரச் சத்தம் கேட்டதும் பசுவுக்குப் பால் சுரக்கிறதே, அதே மாதிரியான பழக்கம்தான் இது.

தூங்கி எழுந்ததும், தீனி தின்ற கால் மணி நேரத்திலும், விளையாடிய பிறகும், படுக்கும் முன்பும் தவறாமல் கூட்டிப்போக வேண்டும். இந்த வயதில் பகலில் 3, 4 மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மணி அடித்துக் கீழே போய் 5 நிமிடத்தில் கழிக்காவிட்டால், விளையாட விடாமல் மேலே கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டுக்கும் மணி அடிக்கும்.

தண்டையார்பேட்டையில் துறைமுகக் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தம் அதிகம். பயந்த குட்டி தெருவில் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து கழிக்கும். உள்சந்தில் அமைதியான இடமாகப் பாருங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் புழங்காத இடமாகவும் இருக்கட்டும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால், அதற்கான ஊசியையும் வெறிநோய் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். மாநகராட்சி உரிமமும் கட்டாயம்.

அடிக்கக் கூடாது. அடித்தால் அடக்கக் கற்றுக்கொள்ளாது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கக் கற்றுக்கொள்ளும். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, வாடை போகக் கழுவுங்கள். வாடை மிஞ்சினால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். நன்றாகப் பழகிய நாய் திடீரென அடிக்கடி கழித்தால் அது நோயாக இருக்கலாம்; வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

சில வாரங்களில் குட்டி தானே மணி அடிக்கும். ஆனால், அடித்தால் திறக்க ஆள் வேண்டும். பகலெல்லாம் வீடு பூட்டியிருக்கும் என்றால் மணியால் பயனில்லை. அப்படியானால் 6, 7 மாதம் ஆகும்வரை குட்டி தோட்டத்தில் இருப்பதே நல்லது. பகலில் ஒருவராவது வீட்டில் இருப்பார் என்றால், திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை.