முதலில் கல்லாவை எண்ணுங்கள்

பாயான் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காக மாணவர் ஒருவர் கணக்குச் செயலி எழுதினார். ஒரு கடை, ஒரு கல்லா, ஒரு மடிக்கணினி. வீட்டில் நன்றாகத்தான் ஓடியது. கல்லூரியில் படைத்துக் காட்டும் நாளில் திரையில் வந்தது ஒரே வரி: ‘சேவையகத்துடன் இணைக்க முடியவில்லை.’ செயலியில் பிழையே இல்லை. பின்னால் இருந்த மைஎஸ்கியூஎல் சேவையகம் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கடற்படைக்கும் இதே தலைவலி இருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஒரு போர்க்கப்பலுக்கான மென்பொருளில் ரிச்சர்ட் ஹிப் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தளச் சேவையகம் நின்றால் அவருடைய மென்பொருளும் நின்றது; குறைசொல்லோ அவருக்கு வந்தது. சேவையகமே இல்லாமல் செய்ய முடியாதா என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் எஸ்கியூலைட். அது செயலிக்குள்ளேயே அடங்கிவிடும். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். தனி நிறுவல், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. உங்கள் கைப்பேசியிலும் அது இருக்கிறது.

ஆனாலும் நம் மாணவர்கள் அதைத் தொடத் தயங்குகிறார்கள். ‘சின்னது’ என்று புள்ளிகள் குறைந்துவிடுமோ என்ற பயம்! படிவம் 5-இல் கற்ற எஸ்கியூஎல் கட்டளைகள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றுதான். என்னைக் கேட்டால், எது பெரியது என்பது கேள்வியே அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தனை கணினிகளிலிருந்து எழுதப் போகிறார்கள் என்பதே கேள்வி.

எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்; மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு கல்லாவுக்கு அது தெரியவே தெரியாது. மூன்று கல்லா, மூன்று கணினி என்றால் நிலைமை வேறு. சிலர் அந்தக் கோப்பைப் பொதுவான வலையமைப்புக் கோப்புறையில் வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். வலையமைப்பில் கோப்புப் பூட்டு சரியாக வேலை செய்யாமல் போகலாம். இருவர் ஒன்றாக எழுதினால் கோப்பே கெட்டுவிடலாம். யார் எதைப் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஆள் உரிமை பிரிக்க வேண்டுமென்றாலும் சேவையகம்தான் சரி.

அந்த மாணவர் எஸ்கியூலைட்டுக்கு மாறிவிட்டார். இரவு கடையை மூடியதும் அந்த ஒரு கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்கிறார் கடைக்காரர். அவரோ இப்போது ரெலாவில் இன்னொரு கடை திறக்கப் போகிறாராம். மாணவர் போஸ்ட்கிரெஸ் படிக்க ஆரம்பித்திருக்கிறார்.