தகவமைய வேண்டியவர் யார்?

சூழல் மாறும்போது இலக்கையும் மாற்றிக்கொள்வதே அறிவுடைமை என்பதை மறுப்பவர் எவருமிலர். ஆனால் அந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது, யாருக்குச் சொல்லப்படுவதில்லை என்பதே கேள்வி. ஹனூர் வட்டத்தின் மலைக்கிராமங்களில் அது மேய்ப்பவருக்கும் உழவருக்கும் மட்டுமே சொல்லப்படுகிறது. வனத்துறைக்குச் சொல்ல ஆளில்லை.

இன்றைய ஹனூர் வட்டம் பழைய கொள்ளேகால் வட்டத்தின் பகுதி. 1956 நவம்பர் வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துடன் சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டத்தின் கீழ் வந்தது. எல்லைக்கோடு இடம் மாறியபோதெல்லாம் மக்களே தங்களை மாற்றிக்கொண்டனர். இடம் மாறிச் செய்த வேளாண்மை தடைப்பட்டபோது சோளகர்கள் நிலையான வயலுக்கு வந்தனர். காட்டை உண்ணிச்செடி மூடியபோது, மாதேஸ்வரன் மலைச் சோளகர்கள் அதே செடியின் தண்டிலிருந்து கூடையும் நாற்காலியும் முடையக் கற்றனர். இதைவிடத் தகவமைதல் வேறு என்ன இருக்கிறது?

2013இல் சுமார் 906 சதுர கிலோமீட்டர் காடு மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்பது தேசியப் பூங்கா அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு இடமளிப்பதில்லை. சரணாலயத்திலோ மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும், கட்டுப்படுத்தவும், தேவையானால் தடை செய்யவும் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. ஒழுங்குபடுத்தல் என்ற வழி சட்டத்திலேயே உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூகத்தின் உரிமையாக ஏற்றது; காட்டையும் வனவிலங்கையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் அளித்தது. அண்டையிலுள்ள பிளிகிரிரங்கன் மலையில் 2011இல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது.

ஆகவே அடிப்படையான சூழல் மாற்றம் சட்டத்திலேயே நிகழ்ந்துவிட்டது. மாறாதது வனத்துறையின் இலக்கு. மனிதரும் மாடும் இல்லாத காடே நல்ல காடு என்ற காலனியக் கனவு இன்றும் அதன் நடைமுறையில் உயிர்வாழ்கிறது.

2025 ஜூன் இறுதியில் ஹூக்யம் வனச்சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் நஞ்சு வைக்கப்பட்டிருந்தது. அது குற்றமே, அதற்குச் சமாதானம் கிடையாது. ஆயினும் அடுத்த மாதமே மாநில வனத்துறை அமைச்சரிடமிருந்து காடுகளில் மேய்ச்சலைத் தடுக்குமாறு உத்தரவு வந்தது. பட்டி மாடுகளின் எருவை விற்று வாழும் குடும்பங்களுக்கு அதன் பொருள் பிழைப்பின் முடிவு. மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு எத்தனை நாளில் கிடைக்கிறது, கிராம சபையோடு யார் பேசினர் என்ற வினாக்கள் தடை என்னும் ஒற்றைச் சொல்லில் புதைந்தன. மேய்ச்சல் மிகுந்தால் காடு நலியும் என்பது உண்மை. எங்கே, எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்று கேளாத தடை அந்த உண்மைக்குப் பயன்படாது.

கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் ‘தகவமைப்பு மேலாண்மை’ என்ற கருத்தைக் கனடியச் சூழலியலாளர் ஹோலிங்கும் அவருடைய குழுவினரும் 1978இல் நூலாக விரித்துரைத்தனர். மேலாண்மையையே சோதனையாகக் கொண்டு, விளைவைக் கண்டு, மேலாளர் தம் முடிவைத் திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே அது தலைகீழாக நிற்கிறது: மேலாளர் நிலையாக நிற்க, மேலாளப்படுபவர் வளைய வேண்டியிருக்கிறது.

இப்பிழையில் ஆய்வுலகிற்கும் பங்குண்டு. மலைமக்களின் தகவமைப்புத் திறனை அளக்க வினாப்பட்டியல்கள் ஏராளம். அதே அளவுகோலை வனத்துறை மீது வைக்கும் ஆய்வேடுகள் எத்தனை? சட்டம் மாறி எத்தனை ஆண்டுகளில் பணித்திட்டம் மாறியது, மேய்ச்சல் உரிமைக் கோரிக்கைகளில் எத்தனை தீர்க்கப்பட்டன, எத்தனை கிராம சபைகள் கலந்தாலோசிக்கப்பட்டன என்பவை அளக்கக்கூடியவையே. ஹனூரின் மக்கள் இலக்கை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றனர். இனி அளக்க வேண்டியது அவர்களை அன்று.