வாழும் நினைவுச் சின்னம்

நாட்டிற்காக உயிர் நீத்தோரை நினைவிற் கொள்ளுதல் நன்றியுடைய மக்களின் கடமையாகும். அக்கடமையை ஆற்றும் முறையில் கருத்து வேற்றுமை உண்டு. கல்தூண் நாட்டி மலர்வளையம் சார்த்துதலே தக்கது என்பர் ஒரு சாரார். மக்கள் கூடிப் பயன்கொள்ளும் மன்றம் ஒன்றை எழுப்பி, அதனை வீரர் பெயரால் வழங்குதலே சிறந்தது என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டனுள் பின்னதே பெரும்பயன் விளைப்பது என்பதற்குச் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் போர் நினைவு மாளிகைகள் சான்று பகர்கின்றன.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் அமைந்த அந்நகரத்தார், முதல் உலகப்போரில் பணியாற்றியோர் நினைவாக இரு மாளிகைகளை எழுப்ப எண்ணினர். பொதுமக்கள் நன்கொடை வழங்கினர். அது போதாமையால், 1927 ஆம் ஆண்டில் 40 இலட்சம் டாலர் கடன் பெறுதற்கு வாக்காளர் இசைவளித்தனர். ஆர்தர் பிரௌன் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி, 1932 இல் அவ்விரண்டும் திறக்கப்பெற்றன. ஒன்று இசைநாடக அரங்கு. மற்றொன்று போரினின்று மீண்ட வீரர்களின் சங்கங்களுக்கு இருப்பிடம். பின்னதனுள் பொது அரங்கு ஒன்றும் உண்டு. அதன் மேல்தளத்தில் 1935 முதல் ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஓவியக் காட்சிச்சாலை ஒன்று நடைபெற்றது. இரு மாளிகைகட்கும் இடைப்பட்ட முற்றத்தில், போர்க்களங்களினின்று கொணர்ந்த மண் இடப்பெற்றுள்ளது.

'ஆடலும் பாடலும் நிகழும் இடத்தில் மாண்டோரை யார் நினைப்பர்?' என்று சிலர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பெயர்ப்பலகை மங்கி, வரலாறு மறக்கப்படுமாயின், நினைவு மன்றம் வெறுங் கூடமாகிவிடும். ஆயினும், ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் மக்கள் நாடும் தூணும் அம்மறதிக்குத் தப்புவதில்லை. மறதியைத் தடுப்பது கல்லன்று. கற்பிக்கும் மக்களே ஆவர்.

1945 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள், இரண்டாம் உலகப்போர் ஓயுமுன்னரே, 50 நாடுகளின் பேராளர் அந்நகரில் கூடத் தொடங்கினர். இசைநாடக அரங்கு உலகப் பேரவையாயிற்று. ஜூன் 26 ஆம் நாள், வீரர் மாளிகையின் பொது அரங்கில் ஐக்கிய நாடுகளின் சாசனம் கையொப்பமாயிற்று. அன்று விடுதலை பெறாதிருந்த இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவருள் ஆர்க்காடு இராமசாமி முதலியார் ஒருவர். அவரே 1946 இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக அவைக்கு முதல் தலைவரானார். 1951 செப்டம்பர் 8 ஆம் நாள், ஜப்பானுடன் 48 நாடுகள் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையும் அவ்விசைநாடக அரங்கிலேயே நிறைவேறியது.

போரில் மாண்டோர் பெயரால் எழுந்த மாளிகையில், இனிப் போர் வேண்டா என உலகம் உறுதி பூண்டது. இதனினும் உயர்ந்த அஞ்சலி யாது? தூண் ஒன்று மட்டும் நின்றிருப்பின் இந்நிகழ்ச்சிகட்கு அங்கு இடமேது?

ஆதலின், நினைவு மன்றங்களைப் பேணுவோர்க்குக் கடமைகள் இரண்டு உள. ஒன்று, கட்டடத்தைப் பழுதின்றிக் காத்து, கதவுகளை மக்களுக்குத் திறந்துவைத்தல். மற்றொன்று, அது யார் நினைவாக எழுந்ததென நுழைவோர் ஒவ்வொருவரும் அறியச் செய்தல். மாணவர்கள் அத்தகைய மன்றத்துள் புகும்பொழுது, முதற்கண் அங்குப் பொறித்துள்ள பெயர்களைப் படித்தல் வேண்டும். அதன் பின்னர் அங்கு எழும் மகிழ்ச்சியொலி, மாண்டோர்க்கு இழுக்காகாது. அவர்க்குச் செலுத்தும் நன்றியே ஆகும்.