குறை மாணவரிடம் இல்லை

லினக்ஸை முதன்முறையாக நிறுவிய மாணவர் வைஃபை இயங்கவில்லை என்று உதவி கேட்டால், மூத்தோர் தரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "கையேட்டைப் படி." சிக்கலுக்குக் காரணம் மாணவரின் அறியாமை என்னும் தீர்ப்பு அதனுள் அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்பு தவறானது.

1980ஆம் ஆண்டளவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் பயனர்களுக்கு அறிவிக்கும் வசதியை அதில் சேர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். முந்தைய அச்சுப்பொறியில் அதைச் செய்தும் காட்டியிருந்தார். புதியதன் மூலநிரல் மறுக்கப்பட்டதால் அவராலும் இயலவில்லை. அவர் படிக்கத் தவறிய கையேடு எது?

இன்றைய மாணவரின் நிலையும் அதுவே. வைஃபை சில்லு இயங்க நிலைப்பொருள் கோப்பு வேண்டும்; கோப்பைத் தரவிறக்க இணையம் வேண்டும்; இணையத்துக்கு வைஃபை வேண்டும். இத்தகைய கோப்புகள் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் இடம்பெற்றதே 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில்தான். என்விடியா அட்டைகளுக்கோ, நூவோ இயக்கியைத் தன்னார்வலர்கள் ஆவணமின்றி, வன்பொருளின் நடத்தையை ஆராய்ந்தே எழுத நேர்ந்தது. அந்நிறுவனம் தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலை வெளியிட்டது 2022இல்தான்.

"லினக்ஸ் சந்தை சிறியது, நிறுவனங்கள் ஏன் செலவிட வேண்டும்?" என்பர் சிலர். 2017 நவம்பர் முதல் டாப்500 பட்டியலின் மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. கோடிகளில் வாங்குவோருக்கு இயக்கி தடையின்றிக் கிடைக்கிறது; ஒற்றை மடிக்கணினி வாங்குபவருக்கே கையேடு பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே இது அறிவின் சிக்கலன்று, பேரம்பேசும் வலிமையின் சிக்கல்.

அவ்வலிமை தனி மாணவரிடம் இல்லை, பல்கலைக்கழகங்களிடம் உண்டு. திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்திய அரசு 2015இலேயே அறிவித்துவிட்டது. ஆயினும் பூட்டிய வன்பொருளை வாங்கிவிட்டு, அதன்மேல் திறந்த மென்பொருளை நிறுவச் சொல்வதில் பொருளில்லை. "அனைத்து உறுப்புகளும் லினக்ஸ் கர்னலின் முதன்மைக் கிளையில் உள்ள இயக்கிகளைக் கொண்டே இயங்க வேண்டும்" என்னும் ஒரு நிபந்தனையைக் கணினிக் கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளிகள் ஒவ்வொன்றிலும் சேர்க்கலாம். அதற்குத் தனி நிதியோ புதுச் சட்டமோ தேவையில்லை. கொள்முதல் குழுவில் அமரும் பேராசிரியர் ஒருவர் வலியுறுத்தினால் போதும். அந்த ஒரு வரியை எழுதாதவர்களுக்கு, கையேட்டைப் படிக்கச் சொல்லும் தகுதி இல்லை.