கண்ணாடியின் மேல் பழி போடாதீர்கள்

'30 நொடிப் படத்தில் விண்மீன் கலங்கினால் கண்ணாடியின் உதறலே காரணம். கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் மிரர் லாக்-அப் போடாமல் நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பது வீண்' என்ற வாதத்தை ஏற்க முடியாது. புதியவர்களைத் தவறான இடத்தில் தேடவைக்கிறது அது.

டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி மேலே மோதும் அதிர்வு, உறுதியான முக்காலியில் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். 30 நொடியில் அது மிகச் சிறிய பங்கு. மங்கலான விண்மீன் அதற்குள் தடம் பதிக்காது. உதறல் உண்மையில் கெடுப்பது ஏறத்தாழ 1/30 முதல் 1 நொடி வரையான வேகங்களை. டெலி லென்ஸில் 1/15 நொடியில் நிலவை எடுப்பவர் லாக்-அப்பை மறக்கவே கூடாது.

விண்மீன் கோடாவதற்குக் காரணம் பூமியின் சுழற்சி. வான நடுக்கோட்டருகே விண்மீன் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. 50 மி.மீ. லென்ஸில் 30 நொடி திறந்துவைத்தால் சென்சாரில் அது சுமார் 0.1 மி.மீ. இழுபடும். எந்த லாக்-அப் அதை நிறுத்தும்? காற்றும், நடுத்தண்டை உயர்த்திய முக்காலியும், ஆடும் கேமரா வாரும் அதற்கடுத்த குற்றவாளிகள்.

ஒரு விலக்கை ஒப்புக்கொள்கிறேன். சட்டகத்துக்குள் பிரகாசமான தெருவிளக்கு இருந்தால், முதல் நொடியின் நடுக்கமே கிறுக்கலாகப் பதியக்கூடும். அதற்கும் மெனுவில் லாக்-அப்பைத் தேட வேண்டாம். லென்ஸைத் தொடாமல் கறுப்பு அட்டையால் மறைத்து ஷட்டரைத் திறங்கள்; இரண்டு நொடி கழித்து அட்டையை விலக்குங்கள். மிரர்லெஸ் கேமராவில் ஷட்டர் திரை தரும் அதிர்ச்சியையும் இதே அட்டை தடுத்துவிடும்.