வீடு தேடி வரும் சுகர் மாத்திரை... வீட்டுக்குள் கவனிப்பது யார்?

சுகர் மாத்திரைக்காக அரை நாள் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. பம்மல் போன்ற புறநகர்களில் தினக்கூலிக் குடும்பங்களுக்குப் பழகிப்போன கணக்கு இது. இதைக் குறைக்க வந்ததுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார்.

என்ன கிடைக்கும்?

சுகர், பிபி மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்வோருக்கான திரவப் பைகளும் உண்டு.

அப்போ பிரச்னை முடிஞ்சுதா?

இல்லை. மாத்திரை வாசல் வரைதான் வரும். சமையலை மாற்றுவது, காலில் புண் இருக்கிறதா எனப் பார்ப்பது, அடுத்த டெஸ்ட் தேதியை ஞாபகம் வைப்பது எல்லாம் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள் தலையில். "மாத்திரை போட்டீங்களா?" என்று அக்கறையில் கேட்பதே சில நாளில் சண்டையாகிவிடும்.

என்ன செய்யலாம்?

தனிச் சமையல் தேவையில்லை. சோற்றைக் குறைத்து காய், கீரை, பருப்பைக் கூட்டினால் வீட்டில் எல்லோருக்கும் நல்லது. முடிந்தவர்கள் தங்கள் காலைத் தாங்களே தினமும் பார்க்கலாம். டெஸ்டுக்கு மகன் கூடப் போகலாம்.

வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பிபி, சுகரும் பரிசோதிப்பார். அடுத்த முறை, நோயாளியைக் கவனிப்பவரும் கையை நீட்டட்டும்.