எங்கள் கிணத்தின் கணக்கு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சரியெனப் பட்டால் உங்கள் ஊர்க் குழுக்களில் பகிருங்கள்.

குடாநாட்டில் கிணறு வைத்திருக்கிற எவருக்கும் இது பழகின காரியம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போத்தல், கக்கத்தில் வினாக்கொத்து. கிணறு எத்தனை அடி, மலசலகூடக் குழி எவ்வளவு தூரம், என்ன பயிர், வருசத்துக்கு எத்தனை அந்தர் யூரியா என்று கேட்பார்கள். நாங்கள் கதிரை போட்டு, தேத்தண்ணி ஊத்திக் கொடுத்து, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவோம். போத்தலில் ஓர் இலக்கம் ஒட்டுவார்கள். அந்த நிமிசத்தோடு எங்கள் வீட்டுக் கிணறு 'கிணறு 37' ஆகிவிடும். பிறகு அந்த 37க்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு ஒருவரும் வந்து சொல்லுவதில்லை.

வருகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர்களில் எங்களிடம் படித்தவர்களும் உண்டு. எங்கள் கோபம் அவர்களை அனுப்புகிற முறையின் மேல்தான்.

இந்த மண்ணில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணியின் மேல் மிதக்கிறது. எங்கள் குடியும் குளிப்பும், பள்ளி ஹவுளும், வெங்காயப் பாத்தியும் எல்லாம் அந்த மிதக்கிற தண்ணியில்தான். கல்லில் வெடிப்பு இருப்பதால் மேலே கொட்டுவது கீழே போக அதிக காலம் எடுக்காது. தோட்டத்து யூரியா, மாட்டெரு, வளவு மூலையிலுள்ள குழி, மூன்றும் கடைசியில் சேருவது ஒரே இடத்தில்.

இதை ஆய்வாளர்கள் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. குடாநாட்டுக் கிணறுகளின் நைத்திரேற்று அளவு பற்றிய கட்டுரை 1983இலேயே தேசிய விஞ்ஞான சபையின் ஆங்கில இதழில் வந்துவிட்டது. 1988இல் விவசாயத் திணைக்களத்தின் ஆங்கில இதழிலும் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகள் பற்றி இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு வந்தவை ஏராளம். அந்தக் கட்டுரைகளில் இருக்கிற ஒரு சின்ன விசயம் மட்டும் ஊருக்குள் வரவேயில்லை: நைத்திரேற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணி ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு இன்னும் கூடும்.

இதை இரண்டு தரம் வாசியுங்கள். தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்கிறோம், வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கிறோம். கிருமிக்கு அது சரி. ஆனால் தாய்ப்பால் போதாமல் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிப் பால்மா கரைக்கிற ஒரு தாய், தன் பிள்ளைக்குப் பாதுகாப்புச் செய்கிறேன் என்று நம்பித்தான் அதைச் செய்கிறாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய் உடம்பு நீலம் பாய்கிற நோய்க்கு இந்த நைத்திரேற்று ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தன் கிணறு அந்த எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று அவளுக்கு யார் சொன்னது? போத்தலில் தண்ணி கொண்டு போனவருக்கு அது தெரியும். கட்டுரையைத் திருத்தினவருக்கும் தெரியும். குடிக்கிறவளுக்கு மட்டும் தெரியாது.

சுன்னாகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. நீர் வழங்கல் சபையின் சோதனைகள் ஒன்றைச் சொல்லின, வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லையென்று வேறொன்றைச் சொன்னது. சனம் றோட்டோரத் தாங்கிக்கும் பவுசருக்கும் வாளியோடு நின்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. படித்தவர்கள் தங்களுக்குள் மாறுபடுவது பிழையில்லை, ஆய்வு அப்படித்தான் நடக்கும். ஆனால் என்ன அளந்தார்கள், எதை அளக்கவில்லை, ஏன் இரண்டு அறிக்கை இரண்டு விதம் என்று சுன்னாகம் சந்தியில் நின்று தமிழில் விளங்கப்படுத்தியிருக்கலாமே. அந்த இடைவெளியில்தான் வதந்தி வளர்ந்தது.

எங்கள் சோனகதெருவுக்கும் ஆய்வாளர் குறைவில்லை. 1990 ஒக்டோபருக்குப் பிறகு புத்தளம் முகாம்களிலும், திரும்பி வந்த பிறகு இங்கேயும், ஒரே கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்! காலஞ்சென்ற பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் மாதிரி ஒருசிலர்தான் வேறு விதம். அவரும் வடக்கு முஸ்லிம். அவர் எடுத்த இழப்புக் கணக்கை எங்கள் ஆட்கள் இன்றைக்கும் கையில் வைத்து வாதாடுகிறார்கள். மற்றவர்கள் எழுதினது எந்த நூலகத்தில் கிடக்கிறதோ. நெருக்கமான ஒழுங்கைகளில் கிணறும் குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு, எங்களைப் பற்றின கதையைப் போலத்தான் எங்கள் தண்ணியைப் பற்றின கணக்கும்.

அறிவு ஒரு பக்கமாகத்தான் ஓட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. எந்தக் கிணறு ஆவணியில் உவர்க்கும், எத்தனை மணித்தியாலம் மிசின் போட்டால் தண்ணியின் ருசி மாறும், செம்பாட்டு மண்ணுக்குப் பனையோலை தாட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் தோட்டக்காரருக்குத் தெரியும். நிலாவரையில் மேலே நன்னீர், அடியில் உப்பு என்பதை ஊர்ச்சனம் சொல்லும், கருவியும் அதைத்தான் சொன்னது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினவர்கள் இந்த மனிசரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அதே வருசம் நவம்பரில் முடிவைத் திருப்பி எடுத்தார்கள். பட்ட நட்டம் தோட்டக்காரர் தலையில்.

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1992இல் பிரித்தானிய நிறுவனமொன்று அங்கே குழாய்க் கிணறுகளைச் சோதித்தது, ஆனால் ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. நோய்ப்பட்ட கிராமவாசி ஒருவர் இலண்டன் வரை வழக்குப் போனார். தண்ணி குடிக்கிறவருக்கு அந்த ஆய்வாளர்கள் பொறுப்பில்லை என்று 2006இல் தீர்ப்பு வந்தது. சட்டம் அவ்வளவுதான். ஆனால் அதே நாட்டில் பிறகு இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைச் சோதித்து, கூடாததுக்குச் சிவப்பு, நல்லதுக்குப் பச்சை என்று குழாயிலேயே பெயின்ற் அடித்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாத பெண்ணும் குடத்தை எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டாள். இங்கே எழுத்தறிவில் பெருமை பேசுகிற எங்களுக்கு அந்தச் சிவப்புக் கோடுகூட இல்லை.

சனம் பயப்படும், காணி விலை விழும், கிணத்துக்காரரின் அந்தரங்கம் என்பார்கள். பயப்பட வேண்டியதற்குப் பயப்படட்டும், பயந்தால்தான் குழியைத் தள்ளி வெட்டுவார்கள். அந்தரங்கம் என்றால் ஊருக்குச் சொல்ல வேண்டாம், கிணத்துக்காரரிடம் கொடுங்கள். கட்டுரை இணையத்தில் இலவசமாக இருக்கிறதே என்கிறவர்கள், அதைப் பால்மா கரைக்கிற அந்தத் தாயிடம் ஒருக்கால் சொல்லிப் பார்க்கட்டும்.

எங்கள் மார்க்கத்தில் அமானிதம் என்று ஒன்று உண்டு. நம்பித் தந்த பொருள் தந்தவரிடம் திரும்ப வேண்டும். எங்கள் கிணத்திலிருந்து எடுத்த தண்ணியின் முடிவும் அமானிதம்தான். பட்டம் உங்களுக்கு, பதவி உயர்வும் உங்களுக்கு, சந்தோசம். இலக்கத்தை எங்களிடம் திருப்பித் தாருங்கள்.

ஆகவே அடுத்த முறை போத்தலோடு யாராவது வந்தால் தேத்தண்ணி கொடுக்க முதல் கேளுங்கள்: முடிவு எப்ப வரும், யார் கொண்டு வந்து தருவார், தமிழில் தருவாரா? பேரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கமக்காரர் அமைப்பும் பள்ளி, கோயில் நிருவாகங்களும் அதையே எழுத்தில் கேட்கட்டும். மாரிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு தரம் எடுக்கச் சொல்லுங்கள், மழையோடு அளவு மாறும். முடிவை வாசித்து வீட்டுக்காரருக்குச் சொல்ல எங்கள் ஓ.எல். விஞ்ஞானப் பிள்ளைகளால் முடியும். கிணத்துக் கட்டில் அடிக்கிற சிவப்பும் பச்சையும் எங்கள் செலவு.